இல்லத்தினுள் இம்சை: நம் சங்கங்கள் செய்யத்தக்கது எது?

கொல்லாமை என்னும் அணுவிரதத்தை நம் வீட்டுச் சிறார்க்குக் கற்பிக்கும்போது, அதனைக் கெடுக்கும் அதிசாரங்கள் ஐந்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது வழக்கம். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை நிரல்படக் கூறுகிறார். இவற்றை விளக்குவோர் பெரும்பாலும் வண்டிமாட்டையே உதாரணமாகக் காட்டுவர். ஏற்றவேண்டிய மூட்டைக்கு மேல் இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றினால் அதிசாரம். வேலை முடிந்த மாட்டிற்குத் தண்ணீர் காட்டாமற்போனால் அதிசாரம். உதாரணம் சரியானதே. உரைகாரராகிய பூஜ்யபாதரும் ஐந்தாவதற்குப் பசு முதலியவற்றையே எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் இன்று நம் வீடுகளில் மாடுகள் அருகிவிட்டன. அந்த ஐந்தையும், வீட்டினுள் வாழும் பெண்ணொருத்தியை மனத்தில் நிறுத்தி ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

'கட்டுதல்' என்பதற்குப் பூஜ்யபாதர் கயிற்றை மட்டும் பொருளாகக் கொள்ளவில்லை. ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லவிடாமல் தடுப்பதே கட்டு என்பது அவர் தரும் விளக்கம். தாய் வீட்டிற்குப் போகக்கூடாது, தொலைபேசியில் பேசக்கூடாது, கோயிலுக்கும் மாமியார் உடன் வந்தால்தான் போகலாம் என்று ஒரு மருமகளை நிறுத்தி வைத்தால் அது எந்த அதிசாரம் என்பதை வாசகர்களே கூறலாம். 'அடித்தல்' என்பதற்குத் தடி, சாட்டை, பிரம்பு ஆகியவற்றால் துன்புறுத்துதல் என்றே உரை செல்கிறது. கொலை முன்னரே விலக்கப்பட்டதாதலின், இங்கே கூறப்படுவது கொலைக்குக் குறைந்த அடியே. 'கொன்றா விட்டான், ஓர் அறைதானே' என்று நம்மவர் சொல்லும் சமாதானத்திற்கு ஆசாரியர் இடமே வைக்கவில்லை. சுமையோ, நியாயமான பாரத்திற்கு மேற்பட்டது எதுவாயினும் சுமையே. அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்து, எட்டுப் பேருக்குச் சமைத்து, மாதச் சம்பளத்தையும் முழுவதுமாகக் கணவன் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்துக் கட்டணத்திற்கு நிற்கும் பெண்களை நாம் அறிவோம்.

2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை எடுத்துப் படிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. உடல்வழி, பாலியல்வழி, சொல்லாலும் உணர்வாலும், பொருள்வழி என வன்முறையை அச்சட்டம் நான்காக வகுக்கிறது. குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ இழித்துப் பேசுவதைப் பெயர் குறித்தே வன்முறை என்கிறது. வீட்டுச் செலவிற்குப் பணம் தராமை, சீதனப் பொருளைப் பறித்துக்கொள்ளல் ஆகியன பொருள்வழி வன்முறையாம். மனைவிக்கு மட்டுமின்றித் தாய்க்கும், மகளுக்கும், சகோதரிக்கும், கணவனை இழந்து அவ்வீட்டிலேயே வாழும் மருமகளுக்கும் இச்சட்டம் துணை நிற்கும்.

நகையைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாமல் கடக்க முடியவில்லை. வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொன்னின் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, 'ஆம், அவ்வளவுதான்' என்று சொல்லிவிடுவது அது. 1985ஆம் ஆண்டில் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணின் சீதனம் அவளுக்கே உரியது, கணவன் வீட்டார் கையில் இருப்பினும் அது ஒப்படைக்கப்பட்ட பொருளே, திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று தீர்ப்பளித்தது. திருமணத்தின்போது நகைப் பட்டியலொன்று எழுதிப் பெண்ணின் கையிலும் ஒரு படி இருக்கச் செய்வது எந்தக் குடும்பத்திற்கும் இழிவன்று.

இந்நிலையில், 'வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா?' என்று பெரியோர் சிலர் கேட்பது நமக்குத் தெரியும். அவ்வாறு கேட்போர் ரகோப்யாக்கியானம் என்னும் அதிசாரத்தைச் சுட்டுவதும் உண்டு. ஆணும் பெண்ணும் தனிமையில் செய்ததைப் பிறர்க்கு வெளிப்படுத்துதல் என்பது அதன் பொருள். அடுத்த வீட்டாரின் அந்தரங்கத்தைக் கேட்டு ஊருக்குப் பரப்புபவனுக்கே அவ்விதி பொருந்தும். அடிபட்டவள் தன் காயத்தைக் காட்டி உதவி கேட்பதை அதில் அடக்குவது பொருந்தாது. அவ்விதி நம் பக்கம் திரும்பும் இடம் ஒன்றுண்டு. அவள் சொன்னதைக் கேட்ட சங்கத் தலைவரும், அவர் மனைவியும், மனைவியின் தங்கையும் வாய்காக்கிறார்களா என்பதே அது. பல பெண்கள் நம்மிடம் வராமலிருப்பதற்குக் காரணம், நாளை காலைக்குள் மூன்று ஊர்களில் செய்தி பரவிவிடும் என்று அவர்கள் அறிந்திருப்பதுதான். அந்த அச்சத்தைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்தவர்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. சமணர்க்கெனத் தனிக் கணக்கை நாம் கூறவரவில்லை. நம் வீடுகள் விதிவிலக்கு என்று எண்ணிக்கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்வோம்.

இனி, நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். ஊரையும் ஆண்டையும் குறிப்பிடமாட்டோம். அப்பெண்ணின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறோம். ஒரு சங்கத்தின் செயற்குழுவில் நாமும் இருந்த காலம். இரு குழந்தைகளுடன் ஒரு பெண் வந்து, கணவன் தொடர்ந்து அடிப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஐவர் கூடினோம். ஐவரில் மூவர் கணவனுக்குப் பங்காளிகள். ஒருவர் பெண்ணுக்குத் தாய்மாமன் முறை. எஞ்சிய நாமோ கணவனின் தந்தையோடு ஒரே பள்ளியில் படித்தவர். நடுநிலை என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதற்கேள்வி, 'அவன் கை நீட்டும்படி நீ என்னம்மா பேசினாய்?' என்பது. அக்கேள்வியைக் கேட்டவர் நாமே. பிறகு ஒரு தாளில், இனி அடிப்பதில்லை என்று அவனும், எதிர்த்துப் பேசுவதில்லை என்று அவளும் எழுதிக் கையெழுத்திட்டனர். மாலைப் பேருந்தில் அவள் திரும்பிப் போனாள். குடும்பத்தைக் காத்துவிட்டோம் என்று மகிழ்ந்து அன்று நிம்மதியாக உறங்கினோம். எட்டு மாதம் கழித்துக் கை முறிந்த நிலையில் அரசு மருத்துவமனைக்கு வந்தாள். அங்கிருந்த செவிலியர் ஒருவர், மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு வழி சொல்லி அனுப்பினார். அவளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது அந்தச் செவிலியரால். எங்கள் தாளால் அன்று.

எங்கள் பிழை எங்கே என்பதைப் பின்னர்ச் சட்ட விதிகளைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தோம். குற்றவியல் நடுவர் இவ்வழக்குகளில் ஆலோசனை பெறும்படி ஆணையிடலாம். ஆலோசகராக இருக்கத் தகாதவர் யார் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இரு தரப்பாரில் எவருக்கேனும் உறவினராகவோ, அவ்விவகாரத்தில் ஈடுபாடு உடையவராகவோ இருப்பவர், எல்லாத் தரப்பாரும் எழுத்தில் மறுப்பின்மை தெரிவித்தாலன்றி, ஆலோசகராக இருத்தல் கூடாது. வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் எந்தப் பேச்சும் ஆலோசனையின் பகுதியாகக்கூடாது. அதாவது, எங்கள் முதற்கேள்வியே விதிக்கு மாறானது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலுள்ள சமணர், வடநாட்டிலிருந்து வந்து தங்கியோரையும் சேர்த்து, ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். அவர்களுள் தமிழ்ச் சமணர் ஒரு பகுதியினரே. நமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இச்சிறு சமூகத்தில், உறவற்ற ஐவரை ஒரு மண்டபத்தில் கூட்டுவதென்பது ஆகாத காரியம். ஆகவே, நம் சங்கம் தீர்ப்புச் சொல்லும் இடமாக இருக்க இயலாது. பயிற்சி பெற்றவரிடமும் அதிகாரம் உடையவரிடமும் அப்பெண்ணைக் கொண்டு சேர்க்கும் வழித்துணையாக இருக்க இயலும்.

இவ்வழித்துணை என்பது புதிய கருத்தன்று. 1984ஆம் ஆண்டில் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார் மகளிர், குழந்தைகளுக்கான தனிப்பிரிவொன்றைத் தொடங்கிச் சமூகப் பணியாளர்களை அமர்த்தினர். காவலரிடம் வரும் பெண்ணின் பேச்சை முதலில் கேட்பவர் காவல் உடை அணியாதவர் என்பதே அதன் சிறப்பு. 2000ஆம் ஆண்டில், பாந்திராவிலுள்ள பாபா மருத்துவமனையில் மும்பை மாநகராட்சியும் சேகத் என்னும் ஆய்வு நிறுவனமும் இணைந்து 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. காயத்துக்குக் கட்டுப்போடும் செவிலியரும் மருத்துவரும், 'வழுக்கி விழுந்தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டறியப் பயிற்சி பெற்று, அதே கட்டிடத்திலுள்ள ஆலோசகரிடம் அனுப்பினர். பெண்ணுக்கு மருத்துவமனைக்கு வருவதற்குத் தனிக் காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஐயமும் எழாது. சென்னையில் 2001 முதல் இயங்கிவரும் பி.சி.வி.சி. என்னும் அமைப்பு, தங்குமிடமும் ஆலோசனையும் தருவதோடு தீக்காயம் பட்ட பெண்களுக்கும் துணை நிற்கிறது. இவை யாவற்றிலும் மருத்துவமனை, காவல் நிலையம், தொண்டு நிறுவனம் ஆகியவை தத்தம் வேலையை மட்டும் செய்து, மற்றதை உரியவரிடம் ஒப்படைக்கின்றன.

நம் மாநிலத்தில் இருப்பவற்றை அறிந்துகொள்வோம். 1992ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று மாநிலமெங்கும் உள்ளன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர்கள் சமூக நலத் துறையின் வழியே பணிபுரிகின்றனர். 2015 முதல் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வருகின்றன. மருத்துவ உதவி, காவல் உதவி, சட்ட உதவி, மன ஆலோசனை, ஐந்து நாள் வரை தற்காலிகத் தங்கல் ஆகியவை அங்கு ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும். 181 என்ற மகளிர் உதவி எண் தமிழகத்தில் 2018 முதல் இயங்குகிறது. உடனடி ஆபத்தெனில் 112. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் தயங்கவேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அப்பெண் பாதுகாப்பு அலுவலரிடம் சென்றால், நடந்தவற்றை அவர் அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். பெண் தானே நடுவரிடம் மனுக் கொடுக்கவும் கூடும். முதல் விசாரணை மூன்று நாட்களுக்குள்ளும், முடிவு அறுபது நாட்களுக்குள்ளும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் நெடுநாள் செல்வதுண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவேதான் இடைக்கால ஆணை முக்கியமானது. அடிக்கக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது, பராமரிப்புப் பணம் தரவேண்டும், குழந்தைகள் தாயிடம் இருக்கவேண்டும் என்றெல்லாம் ஆணை பெறலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். 'வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை' என்று மிரட்டும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடாயினும், அங்கு அவள் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதுவும் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகக் கூடும் என்று 2020ஆம் ஆண்டில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அவளை விருப்பம்போல் தெருவில் நிறுத்திவிட முடியாது.

இதில் நம் சங்கம் எங்கே வருகிறது? முதலில், மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கும் சேவை மையத்திற்கும் நேரில் சென்று அறிமுகம் செய்துகொள்ளல் வேண்டும். பாதுகாப்பு அலுவலரை ஆண்டுக்கொரு முறை நம் மகளிர் கூட்டத்தில் பேச அழைக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவினர் கேட்டுக்கொண்டால் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவர். அவர்கள் பயிற்சியளிக்கும் சட்டத் தன்னார்வலர்களாக நம் பெண்கள் இருவர் மூவர் சேர்ந்தால் அதைவிடச் சிறந்த தொடர்பு வேறில்லை. சட்டத்தின் கீழ்ச் 'சேவை வழங்குவோராக'ப் பதிவு செய்துகொள்ளும் வழியும் உண்டு. அதற்கு அவசரப்படவேண்டாம் என்பது நம் கருத்து. அறிக்கை எழுதுவதும் தங்குமிடம் ஏற்பாடு செய்வதும் பயிற்சி வேண்டுவன. பெயர்ப் பலகைக்காகப் பதிவு செய்தல் தீங்கே. வன்முறை நடப்பதாகப் பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் எவர்க்கும் அதனால் வழக்கோ பொறுப்போ வராது என்பதைச் சட்டத்தின் நான்காம் பிரிவு உறுதி செய்கிறது. அடுத்த வீட்டு அழுகுரலைக் கேட்டும் அஞ்சியிருப்போர் இதனை அறியவேண்டும்.

பிறர் அறியாத, நாம் மட்டுமே செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. இரவுணவு விலக்கும், கிழங்கு விலக்கும் மேற்கொண்ட நம் பெண்கள் பலர், தங்குமிடத்தில் உணவு எப்படி இருக்குமோ என்ற ஒரே தயக்கத்தால் அடிபடும் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். இது சிறு காரணமாக அதிகாரிகளுக்குத் தோன்றும். விரதம் காத்தவளுக்கு அது சிறிதன்று. மைய நிர்வாகியிடம் முன்னரே இதனை எடுத்துச் சொல்லி, அப்படி ஒருவர் வந்தால் மாலைக்குள் உண்ணத்தக்க எளிய உணவிற்கு ஏற்பாடு கேட்கலாம். அரிசி, பருப்பு, பழம் முதலியவற்றைச் சங்கம் தரலாம். ஆனால் பொருளை நிர்வாகியிடமே ஒப்படைக்கவேண்டும். யாருக்கென்று கேட்கக்கூடாது, அவளைப் பார்க்கவும் கூடாது. உணவு கொண்டுபோனவர் வழியாக இருப்பிடம் கணவனுக்குத் தெரிந்துவிட்டால் நம் உதவியே அவளுக்கு வினையாகும்.

அடுத்தது கோயில். பாதிக்கப்பட்டவர் வழக்கமாகச் செல்லும் இடங்களுக்குள் எதிர்த்தரப்பார் நுழையக்கூடாதென நடுவர் ஆணையிடச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாணையில் நம் ஜிநாலயமும் இடம்பெற்றால், அறங்காவலர்கள் அதனை மதித்து நடக்கவேண்டும். 'கோயிலுக்கு யாரும் வரலாம்' என்று வாதிடுவது பொருந்தாது. ஆணை பெறாத நிலையிலும், அவளைக் கோயிலில் கண்டு விசாரிக்கும் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

கணவன்மாரைப் பற்றியும் ஒரு சொல். குடியே காரணம் என்பார்கள். குடி நோயாயின் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் செல்ல உற்றார் முயலட்டும். குடிக்காத நாளிலும் அடிப்பவன் உண்டு. குடித்தும் அடிக்காதவன் உண்டு. அவன் திருந்தும் வரையில் அவள் பொறுத்திருக்கவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மூத்த தாய்மாரைப் பட்டினி போடும் மகன்களும் இவ்வரிசையில் வருவர். முதியோர்க்கு 14567 என்ற உதவி எண் உள்ளது.

கடைசியாக, சங்கத்துப் பெண்களில் நம்பத்தக்க ஒருவர் வீட்டில் ஒரு பூட்டிய அலமாரி இருக்கட்டும். குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றின் படிகள், வங்கிக் கணக்குப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும், மருத்துவமனைச் சீட்டுகள், நகைப் பட்டியல், இரண்டு நாள் மருந்து, மாற்றுடை, கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒரு பையில் வைத்து முன்கூட்டியே அங்கே விட்டுச்செல்ல அஞ்சும் பெண்களுக்கு இடம் வேண்டும். பையைப் பெற்றுக்கொள்பவர் காரணம் கேட்கவேண்டியதில்லை. அலமாரியின் சாவி செயலாளரிடமோ தலைவரிடமோ இருத்தல் வேண்டா; அந்த வீட்டுப் பெண்ணிடமே இருக்கட்டும்.